இரண்டாவது மெழுகுவர்த்தி - 1914ஆம் ஆண்டின் திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நான்கு வாரங்கள் இருக்கும்போதே தேவாலயங்களில் ஒரு மாற்றம் தெரியும். பீடத் துணிகள் ஊதா நிறத்துக்கு மாறும். பசுமையான இலைகளால் செய்த ஒரு வளையம் வைக்கப்படும். அதில் நான்கு மெழுகுவர்த்திகள் இருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று கூடுதலாக ஏற்றப்படும். பல சபைகளில் முதல் மெழுகுவர்த்திக்கு நம்பிக்கை என்றும், இரண்டாவதற்கு அமைதி என்றும் பெயர். அடுத்த இரண்டும் மகிழ்ச்சியும் அன்பும்.

நம்பிக்கையை ஏற்றுவது சுலபம். அமைதியை ஏற்றுவதுதான் கடினம். உலகமே தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு சிறிய மெழுகுவர்த்தியை ஏற்றி "இது அமைதிக்காக" என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அப்படிப்பட்ட ஒரு டிசம்பர் மாதம் 1914இல் வந்தது. அந்த நான்கு வாரங்களில் யார் யார் அமைதிக்காக முயன்றார்கள், யார் தோற்றார்கள், யார் வென்றார்கள் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

திருவருகைக் காலம் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் அட்வென்ட் என்று அழைக்கப்படும் இந்தக் காலத்தின் பெயர், "வருகை" என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலம் இது. பண்டிகைக் கொண்டாட்டம் இன்னும் தொடங்கவில்லை. வரவேண்டியவர் இன்னும் வரவில்லை. ஆனால் வருவார் என்று நம்பி வீட்டைப் பெருக்கி விளக்கேற்றி வைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் இதுதான் இந்தக் காலத்தின் பொருள்.

இந்த வாரங்களில் தேவாலயங்களில் அதிகம் வாசிக்கப்படுவது ஏசாயா தீர்க்கதரிசியின் நூல். வாள்கள் ஏர்க்கொழுக்களாக மாறும், நாடுகள் போர்ப் பயிற்சியையே மறந்துவிடும் என்ற கனவு அதில்தான் வருகிறது. அந்தக் கனவு அமைதியான காலத்தில் பிறந்தது அல்ல என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசு சிறிய நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தபோது வாழ்ந்தவர் ஏசாயா.

மெழுகுவர்த்தி வளையத்தின் கதையும் சுவையானது. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்தார் யோஹான் ஹின்ரிக் விகர்ன் என்ற போதகர். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று சிறுவர்கள் தினமும் கேட்டு நச்சரித்தார்களாம். மரத்தாலான ஒரு வளையத்தில் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும், மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தி, தினமும் ஒன்று ஏற்றச் செய்தார். காத்திருப்பதைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவர் கண்டுபிடித்த எளிய வழி அது.

போர் வந்த விதம்

1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜூலை 28இல் ஆஸ்திரிய-ஹங்கேரி செர்பியா மீது போர் தொடுத்தது. ஒரே வாரத்தில் ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் என்று பெரிய நாடுகள் எல்லாம் களத்தில் குதித்தன. எல்லாத் தரப்பிலும் ஒரே நம்பிக்கைதான் இருந்தது: சீக்கிரம் வென்றுவிடலாம், கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பிவிடலாம்!

போரின் சூடு தமிழ்நாட்டையும் தொட்டது. செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசிவிட்டு மறைந்தது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் பேசுகிறோமே, அந்தச் சொல் அந்தக் கப்பலிலிருந்து வந்ததுதான். சில நாட்களில், செப்டம்பர் 26 அன்று, இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. பனியையே பார்த்திராத பலர் பருத்தி உடைகளோடு ஐரோப்பியக் குளிர்காலத்துக்குள் அனுப்பப்பட்டார்கள்.

கணக்குகள் எல்லாம் பொய்த்தன. பாரிஸை நோக்கி வந்த ஜெர்மன் படை செப்டம்பரில் மார்ன் நதிக்கரையில் தடுத்து நிறுத்தப்பட்டது. அக்டோபரிலும் நவம்பரிலும் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரைச் சுற்றிக் கடும் சண்டை நடந்தது. அதில் பிரிட்டன் தரப்பில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ, காயமடைந்தோ, காணாமலோ போனார்கள். அதன் பிறகு இரு தரப்பும் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிக்கொண்டன. சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை பதுங்கு குழிகள் நீண்டன.

ஃப்ளாண்டர்ஸ் பகுதி தாழ்வான, ஈரமான நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். முழங்கால் அளவு சேற்றில், எலிகளோடும் பேன்களோடும் வீரர்கள் நின்றார்கள். எதிரியின் குழி சில இடங்களில் நூறடி, இருநூறடி தூரம்தான். அங்கே அடுப்பில் வேகும் இறைச்சியின் வாசம் இங்கே வரும். இங்கே ஒருவன் இருமினால் அங்கே கேட்கும். இரண்டுக்கும் நடுவே முள்கம்பியும், எடுக்க ஆளில்லாத பிணங்களும் கிடந்தன.

இந்த நிலையில்தான் நவம்பர் 29 அன்று, 1914ஆம் ஆண்டின் திருவருகைக் காலம் தொடங்கியது.

இரண்டு தாள்கள்

அந்த ஆண்டு அமைதியின் ஞாயிறு, அதாவது இரண்டாவது ஞாயிறு, டிசம்பர் 6ஆம் தேதி வந்தது. அதற்கு முதல் நாளும் மறுநாளும் இரண்டு தாள்கள் எழுதப்பட்டன.

முதல் தாள் டிசம்பர் 5 தேதியிட்டது. பிரிட்டனின் இரண்டாம் படைத் தொகுதியின் தளபதி ஜெனரல் ஸ்மித்-டோரியன் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய உத்தரவு அது. எதிரெதிரே நெருக்கமாக இருக்கும் படைகளிடையே "நீ என்னைத் தொந்தரவு செய்யாதே, நான் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்" என்ற மனநிலை தானாக வளரும், அது மிகவும் ஆபத்தானது என்று அவர் எச்சரித்தார். எதிரியோடு நட்பாகப் பேசுவதும், புகையிலை போன்ற பொருட்களைப் பரிமாறிக்கொள்வதும், எழுதப்படாத சண்டை நிறுத்தங்களும் அறவே கூடாது என்று உத்தரவிட்டார். இந்த உத்தரவிலிருந்து ஒன்று புரிகிறது. இப்படிப்பட்ட காரியங்கள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தன. நடக்காத ஒன்றை யாரும் தடை செய்யமாட்டார்கள் அல்லவா?

இரண்டாவது தாள் டிசம்பர் 7 அன்று ரோமிலிருந்து வந்தது. எழுதியவர் போப்பாண்டவர் 15ஆம் பெனடிக்ட். போர் தொடங்கிய ஒரு மாதத்தில், செப்டம்பர் 3 அன்று, பதவிக்கு வந்தவர் அவர். நவம்பர் 1ஆம் தேதி வெளியிட்ட தன் முதல் சுற்றுமடலிலேயே போரை நிறுத்தும்படி மன்றாடியிருந்தார். இப்போது அவர் கேட்டது போரின் முடிவைக்கூட அல்ல. வானதூதர்கள் பாடிய அந்த இரவிலாவது பீரங்கிகள் ஓயட்டும் என்று மட்டும்தான் கேட்டார். கிறிஸ்துமஸுக்காக ஒரு சிறிய இடைவெளி, அவ்வளவுதான்.

அது கூடக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஒப்புக்கொண்டால் தானும் ஒப்புக்கொள்வதாக ஜெர்மனி கூறியது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ரஷ்யாவில் பழைய ஜூலியன் நாட்காட்டி வழக்கத்தில் இருந்தது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் 13 நாட்கள் கழித்துத்தான் வரும். பிறக்கப்போகும் குழந்தை ஒன்றே, ஆனால் பிறந்த நாளில் உடன்பாடு இல்லை! சந்தேகம் வேறு. போப் ஜெர்மானியர் பக்கம் என்று பிரான்சில் பலர் நினைத்தார்கள். அவர் பிரான்ஸ் பக்கம் என்று ஜெர்மனியில் பலர் நினைத்தார்கள். நடுவில் நின்றவருக்கு இரு பக்கமும் அடி. டிசம்பர் 24 அன்று கர்தினால்களிடம் பேசும்போது, தன் முயற்சி கைகூடவில்லை என்பதை அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

101 பெண்கள்

அதே நாட்களில் இங்கிலாந்தில் வேறொரு கடிதம் உருவாகிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் எமிலி ஹாப்ஹவுஸ். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தபோது பிரிட்டிஷ் படை அமைத்த முகாம்களில் பெண்களும் குழந்தைகளும் பசியாலும் நோயாலும் இறப்பதை உலகுக்கு அம்பலப்படுத்தியவர் அவர். சொந்த நாட்டையே குற்றம் சாட்டியதால் துரோகி என்று தூற்றப்பட்டவர்.

தமிழர்களுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. தில்லையாடி வள்ளியம்மை போன்ற தமிழர்கள் சிறை சென்ற தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தின் இறுதிக் கட்டத்தில், 1914இன் தொடக்கத்தில், காந்தியடிகளோடு சமரசத்துக்கு வரும்படி ஜெனரல் ஸ்மட்ஸிடம் எடுத்துச் சொன்னவர்களில் எமிலி ஹாப்ஹவுஸும் ஒருவர்.

ஜெர்மனி மற்றும் ஆஸ்திரியாவின் பெண்களுக்கு எழுதப்பட்ட அந்தக் கிறிஸ்துமஸ் கடிதத்தில் 101 பிரிட்டிஷ் பெண்கள் கையெழுத்திட்டார்கள். எதிரி நாட்டுப் பெண்களை அது சகோதரிகள் என்று அழைத்தது. சர்வதேசப் பெண் வாக்குரிமை இயக்கத்தின் இதழில் 1915 ஜனவரியில் வெளியானது. அந்தப் பெண்களில் ஒருவருக்குக்கூட அப்போது நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. போரைத் தொடங்குவதிலும் அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, நிறுத்துவதிலும் கேட்கப்போவதில்லை. இருந்தும் எழுதினார்கள்.

பதில் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து 155 பெண்கள் கையெழுத்திட்டு அனுப்பிய பதில், 1915 மார்ச்சில் அதே இதழில் வெளியானது.

நான்காவது ஞாயிறு

போர்முனையிலோ கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கச் சண்டை கூடியது. டிசம்பர் 18, 19 தேதிகளில் பிரிட்டிஷ் படைகள் பல இடங்களில் தாக்குதல் நடத்தின. பெரும்பாலும் தோல்விதான். தாக்கியவர்கள் முள்கம்பிகளுக்கு இடையே விழுந்து கிடந்தார்கள். டிசம்பர் 20, திருவருகைக் காலத்தின் நான்காவது ஞாயிறு. அன்று ஜிவான்ஷி என்ற ஊருக்கு அருகே இந்தியப் படையின் குழிகளுக்கு அடியில் ஜெர்மானியர்கள் சுரங்கம் தோண்டிக் கண்ணிவெடிகளை வெடித்தார்கள். தேவாலயங்களில் நான்காவது மெழுகுவர்த்தி ஏற்றப்படும் நாளில், தங்கள் ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், யாருடைய சண்டை என்றே சரியாகத் தெரியாத ஒரு சண்டையில் இந்திய வீரர்கள் மண்ணோடு மண்ணாகிப் போனார்கள்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அந்தத் தாக்குதல்களுக்குப் பிறகு ஓரிரு இடங்களில், காயமடைந்தவர்களை எடுத்துக்கொள்ளும்படி ஜெர்மானியர்கள் சைகை காட்டினார்கள். சிறிது நேரம் துப்பாக்கிகள் அமைதியாயின. வரப்போவதற்கு இது ஒரு முன்னோட்டம்.

இதற்கிடையே இரு தரப்பிலும் பரிசுப் பொட்டலங்கள் வந்து குவிந்தன. பிரிட்டிஷ் அரசரின் 17 வயது மகள் இளவரசி மேரியின் பெயரால் திரட்டிய நிதியில் சிறிய பித்தளைப் பெட்டிகள் அனுப்பப்பட்டன. அவற்றில் புகையிலை, சிகரெட், வாழ்த்து அட்டை இருந்தன. இந்திய வீரர்களின் பெட்டிகளில் கற்கண்டும் மசாலாப் பொருட்களும் வைக்கப்பட்டன. ஜெர்மன் வீரர்களுக்குச் சிறிய கிறிஸ்துமஸ் மரங்கள் வந்தன. மெழுகுவர்த்திகளோடு!

அந்த இரவு

டிசம்பர் 24, வியாழக்கிழமை. பல வாரங்களாகப் பெய்த மழை நின்று உறைபனி பிடித்தது. சேறு இறுகியது. கிறிஸ்துமஸைப் பயன்படுத்தி எதிரி தாக்கக்கூடும், எச்சரிக்கையாக இருங்கள் என்று பிரிட்டிஷ் தலைமையகம் அன்று செய்தி அனுப்பியது.

இருட்டியதும் ஜெர்மன் குழிகளின் விளிம்பில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் தெரிந்தன. பிரிட்டிஷ் காவலர்கள் முதலில் துப்பாக்கியைத் தூக்கினார்கள். பிறகுதான் தெரிந்தது, அவை கிறிஸ்துமஸ் மரங்களில் ஏற்றப்பட்ட மெழுகுவர்த்திகள். பின்பு பாட்டு கேட்டது. 1818இல் ஆஸ்திரியாவின் ஒரு சிற்றூரில் முதன்முதலாகப் பாடப்பட்ட "ஸ்டில்லே நாக்ட்" அது. இன்று உலகமெங்கும் பல மொழிகளில் பாடப்படும் அதே பாட்டுதான். இந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. பதிலுக்கு ஆங்கிலப் பாட்டு. இப்படி மாறி மாறிப் பாடினார்கள். பிறகு குரல்கள். நீங்கள் சுடாதீர்கள், நாங்களும் சுடமாட்டோம். யாரோ ஒருவர் எழுந்து நின்றார். யாரும் சுடவில்லை.

அந்த ஒருவர் யார் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அது ஒரே இடத்தில் நடந்த நிகழ்ச்சி அல்ல. பிரிட்டிஷ் படை காத்துநின்ற சுமார் 50 கிலோமீட்டர் போர்முனையில் பெரும்பகுதியில், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தனித்தனியே நடந்தது. இரு தரப்பிலும் சேர்த்து ஒரு லட்சம் பேர் வரை பங்கேற்றிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. யாரும் திட்டமிடவில்லை. யாரும் உத்தரவிடவில்லை. சொல்லப்போனால் கூடாது என்றுதான் உத்தரவு இருந்தது.

மறுநாள் காலையில் நடுநிலத்தில் ஆட்கள் நடமாடினார்கள். சிகரெட்டும் சுருட்டும் கைமாறின. பித்தான்களை அறுத்து நினைவுப் பொருளாகக் கொடுத்தார்கள். போருக்கு முன் லண்டனில் சிகையலங்காரக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்த ஜெர்மானியர்கள் பலர் அந்தப் படைகளில் இருந்ததால் மொழி ஒரு தடையாகவில்லை. இந்தியாவின் கார்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவினரும் எதிரே இருந்த ஜெர்மானியர்களைச் சந்தித்தார்கள். கால்பந்து ஆடியதாகவும் சில கடிதங்களில் வருகிறது. முறையான போட்டியா, சும்மா உதைத்து விளையாடியதா என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

கால்பந்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்று பல இடங்களில் முதலில் நடந்தது அடக்கம். வாரக்கணக்கில் கிடந்த பிணங்களை இரு தரப்பும் சேர்ந்து எடுத்துப் புதைத்தன. ஃப்ளர்பே என்ற ஊருக்கு அருகே ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் குருவானவர் ஒருவர் ஜெபத்தை நடத்தினார். நல்ல மேய்ப்பனைப் பற்றிய 23ஆம் சங்கீதம் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் வாசிக்கப்பட்டது. ஜெர்மன் மொழியில் வாசித்தவர் இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். ஒருவரையொருவர் கொன்றவர்கள், கொல்லப்பட்டவர்களுக்காக ஒன்றாகத் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். அன்றைய நாளின் மிகப் பெரிய காட்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மறுபக்கம்

இதை ஒரு தேவதைக் கதையாகச் சொல்லிவிடக் கூடாது. எல்லா இடத்திலும் துப்பாக்கி ஓயவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் சுடப்பட்டு இறந்தவர்கள் உண்டு. சில இடங்களில் வெளியே வந்தவர்களே சுடப்பட்டார்கள். நாட்டின் பெரும்பகுதியை ஜெர்மானியர்களிடம் இழந்திருந்த பெல்ஜியர்களுக்கும், வடபகுதியை இழந்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் கைகுலுக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. இருந்தாலும் அவர்கள் இருந்த பகுதிகளிலும் சில இடங்களில் சண்டை நின்றது. அமைதி நேரத்தைப் பயன்படுத்திக் குழிகளைச் செப்பனிட்டவர்களும், எதிரியின் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று நோட்டம் விட்டவர்களும் இருந்தார்கள்.

அமைதி முடிந்த விதமும் விசித்திரமானது. ஃப்ரெலிங்கியன் என்ற ஊரில் வேல்ஸ் படைப்பிரிவுக்கு எதிரே இருந்த சாக்சனி வீரர்கள் பீர் பீப்பாய்களை உருட்டி அனுப்பியிருந்தார்கள். பதிலுக்கு வேல்ஸ்காரர்கள் பிளம் புட்டிங் கொடுத்தார்கள். டிசம்பர் 26 காலை 8.30 மணிக்கு கேப்டன் ஸ்டாக்வெல் வானத்தை நோக்கி மூன்று முறை சுட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதிய கொடியை உயர்த்தினார். எதிர்ப்பக்கம் நன்றி என்று எழுதிய துணி உயர்ந்தது. இரு அதிகாரிகளும் குழியின் மேல் ஏறி நின்று ஒருவருக்கொருவர் தலைவணங்கி, சல்யூட் அடித்துவிட்டு உள்ளே இறங்கினார்கள். ஜெர்மன் அதிகாரி வானத்தை நோக்கி இரண்டு முறை சுட்டார். போர் மறுபடி தொடங்கியது.

சில இடங்களில் புத்தாண்டு வரை அமைதி நீடித்தது. பிறகு தளபதிகள் விழித்துக்கொண்டார்கள். இனி எதிரியோடு உறவாடுவது தேசத்துரோகமாகக் கருதப்படும் என்று ஜெர்மன் தலைமை டிசம்பர் 29 அன்று அறிவித்தது. பிரிட்டிஷ் தளபதிகளும் கண்டித்தார்கள். முதலில் அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. அதன் பிறகு வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் வெளியிட்டன. 1915 ஜனவரி 8 அன்று "டெய்லி மிரர்" முதல் பக்கத்தில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் சேர்ந்து நிற்கும் புகைப்படமே வந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் நிறைய மாறிவிட்டது. 1915 ஏப்ரல் 22இல் ஈப்ர் அருகே ஜெர்மனி விஷவாயுவைத் திறந்துவிட்டது. மே 7இல் லூசிடானியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. வெறுப்பு வேரூன்றியது. 1915 கிறிஸ்துமஸில் கடுமையான உத்தரவுகள் போடப்பட்டன. அப்படியும் சில இடங்களில் வீரர்கள் சந்தித்தார்கள். சிறிது நேரம் சண்டையை நிறுத்த அனுமதித்ததற்காக ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். போர் 1918 நவம்பர் 11 வரை நடந்தது. இறந்த போர்வீரர்கள் மட்டும் சுமார் 90 லட்சம் முதல் ஒரு கோடி வரை. கிறிஸ்துமஸ் அன்று கைகுலுக்கியவர்களில் பலர் அந்தக் கணக்கில் அடக்கம்.

அப்படியானால் எல்லாம் வீணா?

இந்தக் கேள்வி நியாயமானது. போப்பின் வேண்டுகோள் தோற்றது. பெண்களின் கடிதம் ஒரு துப்பாக்கியைக்கூட நிறுத்தவில்லை. வீரர்களின் அமைதி ஒரு நாளில் முடிந்தது. ஒரு நாள் நிறுத்திவிட்டு மறுநாள் கொல்வதில் என்ன பயன்?

ஆனால் அந்த நான்கு வாரங்களில் விதைத்தவை எப்படி முளைத்தன என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

போப் சோர்ந்துவிடவில்லை. சண்டை நிறுத்தம் கிடைக்காது என்று தெரிந்ததும், கிடைக்கக்கூடியதைக் கேட்டார். இனிப் போரிட முடியாத அளவுக்குக் காயமடைந்த கைதிகளையாவது பரிமாறிக்கொள்ளுங்கள் என்று அந்த டிசம்பர் முடிவதற்குள் அரசுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். இது நடந்தது! பின்னர் நோயுற்ற கைதிகள் பல்லாயிரம் பேர் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் தங்கிச் சிகிச்சை பெறவும் ஏற்பாடு ஆனது. காணாமல்போன மகனைத் தேடி எழுதப்பட்ட கடிதங்களுக்குப் பதில் கண்டுபிடிக்க வத்திக்கானில் ஓர் அலுவலகமே இயங்கியது. 1915இல் லண்டனில் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தத்தில் சமாதானப் பேச்சுவார்த்தைகளில் போப்பைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதியே எழுதி வைத்தார்கள். அப்படியும் 1917 ஆகஸ்டில் அவர் மறுபடி ஒரு சமாதானத் திட்டத்தை முன்வைத்தார். அதுவும் ஏற்கப்படவில்லை. 2005இல் போப்பாக வந்தவர் பெனடிக்ட் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த அமைதியின் போப்பை நினைத்தும்தான் என்று விளக்கம் சொன்னார்.

பெண்களின் கடிதமும் தாளோடு நின்றுவிடவில்லை. 1915 ஏப்ரல் 28 முதல் மே 1 வரை நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 12 நாடுகளைச் சேர்ந்த 1,100க்கும் மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். சண்டையிடும் நாடுகளின் பெண்கள் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். தலைமை தாங்கியவர் அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ். கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டதால் பிரிட்டனிலிருந்து மூன்றே பேர்தான் கலந்துகொள்ள முடிந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்த அமைப்புதான் அமைதிக்கும் விடுதலைக்குமான சர்வதேசப் பெண்கள் சங்கம். அது இன்றும் இயங்குகிறது. ஜேன் ஆடம்ஸுக்கு 1931இலும், அவரது தோழி எமிலி கிரீன் பால்ச்சுக்கு 1946இலும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வீரர்களின் அந்த ஒரு நாள்? அது எந்த ஒப்பந்தத்தையும் உருவாக்கவில்லை. ஆனால் ஒரு சாட்சியை உருவாக்கியது. எதிரி என்பவன் மிருகம் என்று இரு நாட்டுப் பத்திரிகைகளும் நான்கு மாதமாக எழுதிக்கொண்டிருந்தன. முள்கம்பிக்கு அப்பால் இருப்பவனும் குளிரில் நடுங்குகிறான், வீட்டை நினைத்து ஏங்குகிறான், தெரிந்த ராகத்தில் அதே பாட்டைப் பாடுகிறான் என்று நேரில் பார்த்தவர்கள் ஒரு லட்சம் பேர். அதை அவர்களிடமிருந்து எந்த உத்தரவாலும் பறிக்க முடியவில்லை. அந்த நாளை நேரில் கண்டவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவராகக் கருதப்படும் ஸ்காட்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் 2005 நவம்பரில் தன் 109ஆம் வயதில் காலமானார். 90 ஆண்டுகள் கழித்தும் அவர் நினைவில் நின்றது குண்டுச் சத்தம் அல்ல. அது நின்றபின் வந்த நிசப்தம்.

பிரெஞ்சு வீரர் லூயி பார்தாஸ் என்பவர் 1915 டிசம்பரில் இதேபோன்ற ஒரு சந்திப்பைப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் ஒரு நாள் நினைவுச்சின்னம் எழ வேண்டும் என்று தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அவர் பீப்பாய் செய்யும் தொழிலாளி. அந்த ஆசை நிறைவேறச் சரியாக நூறு ஆண்டுகள் ஆயின. 2015 டிசம்பர் 17 அன்று, அதுவும் திருவருகைக் காலத்தில், வடபிரான்சின் நெவில்-செயின்ட்-வாஸ்ட் என்ற ஊரில் பிரெஞ்சு அதிபர் அந்தச் சின்னத்தைத் திறந்து வைத்தார்.

முடிவாக...

நம்பிக்கை என்றால் நல்லது தானாக நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். 1914இன் அந்த நான்கு வாரங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. "கிறிஸ்துமஸுக்குள் வென்றுவிடுவோம்" என்று ஆகஸ்டில் சொன்னவர்களிடம் இருந்தது நம்பிக்கை அல்ல, கணக்கு. கணக்கு தப்பியதும் அவர்களிடம் வெறுப்பு மட்டுமே மிஞ்சியது. மறுக்கப்பட்டும் மறுபடி கேட்ட போப், பதில் வருமா என்று தெரியாமலே எழுதிய 101 பெண்கள், சுடப்படலாம் என்று தெரிந்தே குழியிலிருந்து எழுந்து நின்ற பெயர் தெரியாத அந்த வீரன்... இவர்களிடம் இருந்தது நம்பிக்கை.

மெழுகுவர்த்தி இருட்டை விரட்டிவிடுவதில்லை. அடுத்த மெழுகுவர்த்தியை எங்கே ஏற்ற வேண்டும் என்று பார்க்கப் போதுமான வெளிச்சத்தைத் தருகிறது. ஹாம்பர்க் சிறுவர்களுக்கு விகர்ன் கற்றுக்கொடுத்ததும் அதுதானே? எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்காதே, இன்றைக்கு உரிய ஒன்றை ஏற்று.

இன்றும் உலகில் பீரங்கிகள் முழங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது. ஃப்ளாண்டர்ஸ் சேற்றில் அதை ஏற்றியவர்களை நினைத்துப் பார்த்தால், அந்தச் சின்னச் சுடரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது.